கோபுரம் எழுந்த கதையை யார் வரைவது?

தமிழக அரசு முத்திரையில் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 192 அடி உயரம் என்பதும் மனப்பாடம். இவ்வளவு செங்கல்லை மேலே ஏற்றியது யார், எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது?

இதுபோன்ற கேள்விகளுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர் டேவிட் மெக்காலே. 1946-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். கட்டடக்கலை படித்தார், ஆனால் பேனாவும் மையும் எடுத்துப் புத்தகம் செய்ய உட்கார்ந்துவிட்டார். எழுத்தும் படமும் அவருடையவையே. 1973-இல் வந்த முதல் நூல் ‘கதீட்ரல்’. பிரான்சில் ஒரு கற்பனை ஊர், 13-ஆம் நூற்றாண்டு. கடைக்கால் தோண்டுவதில் தொடங்கி, சாரம் கட்டுவது, கல் செதுக்குவது, காசு தீர்ந்து வேலை நின்றுபோவது வரை பக்கம் பக்கமாக விரிகிறது. நாயகன் அரசனல்ல, கொத்தனும் தச்சனும்தான். பிறகு பிரமிடு, கோட்டை, 2003-இல் மசூதி என்று வரைந்தார். கோபுரத்தை அவர் வரையவில்லை. அது நம் வேலை.

சரக்குக்குப் பஞ்சமே இல்லை. கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். ஏன்? உயரே போகப் போகப் பாரம் குறைய வேண்டும். ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கிவிடும். முத்திரையில் இருப்பது மதுரை மேலைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டு கோபுரங்களையும் முத்திரையையும் அருகருகே வரைந்து, ‘நீயே பார்த்துச் சொல்’ என்று விட்டுவிடலாம். வரலாறு படிப்பது என்றால் அதுதானே!

பக்கத்து ஊரான ராஜபாளையத்திலும் வரைய வேண்டிய கதைகள் உண்டு. கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்று பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த மு.கு. ஜகந்நாத ராஜா இந்த ஊர்க்காரர். வில்லிபுத்தூரில் பிறந்த கதை விஜயநகரம் போய்த் திரும்பிய வழியை ஒரு வரைபடமாகப் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த வீடும் ஒரு பக்கம் கேட்கிறது.

எழுத ஆளும் இல்லாமலில்லை. ‘காட்டுக்குள்ளே இசைவிழா’வுக்காக பால சாகித்திய புரஸ்கார் பெற்ற கொ.மா. கோதண்டம் ராஜபாளையத்தவர். கீழடியைச் சிறுவர் நாவலாக்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் அதே விருதைப் பெற்றது. எழுத்தில் நாம் தேறிவிட்டோம். குறை படத்தில்தான். எழுதி முடித்த பிறகு ஓவியரைத் தேடுவதும், படத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதும் கதைப் புத்தகத்துக்கு ஒருவேளை போதும். வரலாற்றுக்குப் போதாது. ஓவியர் கோபுரத்தின் உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும். ஸ்தபதியோடு உட்கார்ந்து பேச வேண்டும். கல்வெட்டு படிப்பவரிடம் கேட்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் சோறு போட ஆள் வேண்டும்.

தமிழ்நாடு பாடநூல் கழகம் இதைச் செய்யலாம். எழுதவும் வரையவும் தெரிந்த ஓர் இளைஞருக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை கொடுத்து, முதல் புத்தகத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்கட்டும்.