ராத்திரிக்குச் சாதியில்லை, தாலிக்கு உண்டு

சனிக்கிழமை ராத்திரி. பப், பீர், ஆட்டம், பார்த்த அன்றைக்கே உறவு, விடிந்ததும் அவரவர் வழி. பெருநகரத்து இளசுகளைப் பார்த்து ‘கலாச்சாரம் கெட்டுப்போச்சு’ என்று அலறுகிற கூட்டத்தில் நம் தோழர்கள் குரலும் கேட்கிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

யாருடைய கலாச்சாரம்? வயல்காட்டில் நம் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்த பண்ணையாரால் கெடாத கலாச்சாரம், ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒருத்தனோடு போனால் மட்டும் எப்படிக் கெடுகிறது? அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார். உடன்கட்டை, விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அதைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடுகள். பெண் தன் உடம்புக்குத் தானே சொந்தக்காரி ஆனால் முதலில் ஆட்டம் காண்பது சாதி. 2009 ஜனவரி 24இல் மங்களூர் பப்புக்குள் புகுந்து ஸ்ரீராம சேனைக்காரர்கள் பெண்களை அடித்து விரட்டியது வெறும் பீருக்காகவா? அந்த வழக்கும் 2018இல் விடுதலையில் முடிந்தது.

நம்ம கதை என்ன? 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் பேசினார். விளக்குமாறும் செருப்புமாய்த் தெருவில் இறங்கியவர்களில் பாமகவோடு சிறுத்தைகளும் இருந்தார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்தது. 2012 நவம்பர் 7. தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. காரணமாய்ச் சொன்னது ஒரு கலப்பு மணம். ஜீன்ஸ், டீசர்ட், கூலிங்கிளாஸ் போட்டு நம்ம பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார் பாமக நிறுவனர். கற்பைக் காக்க நாமும் தூக்கிய விளக்குமாறு ஏழே வருசத்தில் தீப்பந்தமாய் நம் கூரைக்கே வந்தது. இதை மறந்துவிட்டு மறுபடியும் ஒழுக்கம் பேசலாமா?

அதுக்காக பப்தான் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே யாரும் சாதி கேட்பதில்லை என்கிறார்கள். கேட்கத் தேவையில்லை, வாசலிலேயே செருப்பையும் சட்டையையும் பார்க்கிறார்கள், ஜோடி இருக்கா என்கிறார்கள். உள்ளே போனவர்களுக்கு ரெண்டு கிளாஸ் வரைக்கும் சமத்துவம். ஆறு மாசம் கழித்து அவனுக்கு வீட்டில் பெண் பார்ப்பார்கள். ‘எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்பான். ராத்திரிக்கு இல்லாத சாதி தாலிக்கு வந்துவிடும். கல்யாணம் வேண்டாம் என்று ரெண்டு பேரும் தெரிந்தே பழகினால் அது அவர்கள் பாடு. ஆனால் அவன் மனசுக்குள் முதலிலேயே ‘இவள் இதுக்கு மட்டும்’ என்று சாதிக்கணக்குப் போட்டிருந்தால், பண்ணையார் பேண்ட் போட்டு வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

குடியையும் தனியாகப் பார்க்கணும். 2023-24இல் டாஸ்மாக் 45,000 கோடிக்கு மேல் வசூலித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்ததில் கூலிக்காரர்கள், நம் சனங்கள் எத்தனை பேர்! குடியால் நாம் இழந்தது போதும். ஆனால் ‘குடிக்காதே’ என்பது வேறு, ‘குடித்த பெண் கெட்டவள்’ என்பது வேறு. போதையில் என்ன ஏதென்று புரியாத நிலையில் இருக்கும் பெண் சொல்லும் சம்மதம் சம்மதமே இல்லை என்று பழைய 375ஆம் பிரிவும் சொன்னது, 2024 ஜூலையில் வந்த நியாயச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் சொல்கிறது. நம் விடுதிகளில் எத்தனை பையன்களுக்கு இது தெரியும்?

முதல் தலைமுறையாய்ப் பட்டணம் போகிற நம் பிள்ளைகளிடம் ஆணுறை பற்றி, சம்மதம் பற்றி, வேண்டாம் என்று சொல்வது பற்றி யார் பேசுவது? படிப்பு வட்டத்தில் பேசுங்கள் தோழர்களே, பெண்களையும் உட்கார வைத்துக்கொண்டு. ஏமாந்து திரும்பி வருகிற பெண்ணிடம் ‘நீ ஏன் அங்கே போனே?’ என்று கேட்காதீர்கள். அது ஊர்க்காரன் கேட்கிற கேள்வி. ‘கற்பு’ என்ற சொல் நம் மேடையில் இனி ஒலிக்க வேண்டாம்.