விழுந்தால் தூக்குகிறார்கள், மேடைக்கு?

போன வருடம் லண்டனில் பார்த்த பங்க், ஹார்ட்கோர் நிகழ்ச்சிகளில் எது பிடித்தது என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஒரு பப்பின் நிலவறையில் நடந்ததுதான். மேடை கிடையாது. பாடியவருக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம். இருபது நிமிடம், அவ்வளவுதான். கூட்டம் மோதியதில் விழுந்தேன். உடனே நாலு கைகள் தூக்கி நிறுத்தின. ஹார்ட்கோர் கூட்டத்தின் எழுதாத சட்டம் அது. யார், எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் சுற்றிப் பார்த்தால் எண்பது பேரில் வெள்ளையர் அல்லாதவர்கள் ஐந்தாறு பேர். வாசித்த குழுக்களில் ஒருவர்கூட இல்லை. இந்த இசையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒன்றான வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ் கருப்பினத்தவர்களின் குழு. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தில் பாடிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்குப் பிறந்தவர். சொன்னால் தலையாட்டுகிறார்கள். விழுந்தவரைத் தூக்குகிற கை, மேடைக்கு அழைக்கும்போது மட்டும் ஏன் நீளவில்லை?

அடுத்த தேர்வு பிக் ஜோனி. 2013இல் லண்டனில் தொடங்கிய கருப்பினப் பெண்களின் பங்க் குழு. வேகம் போதாதென்று ஹார்ட்கோர் ரசிகர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். அன்று முன்வரிசை முழுக்கக் கருப்பின இளம்பெண்கள். நான் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.