கூட்டுக் கொள்முதலில் ஒளிந்திருக்கும் லாபம்

மாருதி ஜிம்னி 2023-இல் விற்பனைக்கு வந்தது. அதன் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஸ்விஃப்ட் காரின் வீல் அதற்குப் பொருந்தாது. எனவே ஆர்வலர் இருபது பேர் சேர்ந்து வெளிநாட்டு அலாய் வீலுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கின்றனர். அவர்களுள் ஒருவர் பணம் வசூலிக்கிறார். இதுவரை நன்று.

விற்பவர் அவருக்கு மட்டும் ஒரு செட்டை இலவசமாகத் தருகிறார்; மற்றவர்களுக்கு அது தெரியாது. "அலைந்தவருக்குக் கிடைத்தால் என்ன குற்றம்?" என்கின்றனர் சிலர். அவர் வியாபாரியா, பிரதிநிதியா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். வியாபாரி எனில், வரும் வழியில் வீல் விரிசல் விட்டால் நட்டமும் அவருடையதே. அப்போதோ, "நான் வாங்கித் தந்தவன் மட்டுமே" என்பார். நட்டத்தில் பிரதிநிதி, லாபத்தில் வியாபாரி! இப்படியொரு வகையை எந்த ஃபிக்ஹு நூலிலும் நாம் கண்டதில்லை.

பிறர் பணம் அவர் கையில் அமானிதம். அந்தப் பணத்தால் கிடைத்த தள்ளுபடியும் பணம் கொடுத்தவர்களுக்கே உரியது. உழைப்புக்குக் கூலி வேண்டுமா? தொகையை முன்னரே சொல்லிக் கேட்கட்டும்; தாராளமாகக் கொடுப்போம்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. நாமோ வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பல்லாயிரம் ரூபாயை அனுப்பிவிடுகிறோம். சுங்கவரி கப்பல் கூலியையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது; அதை யார் கட்டுவது? இடையில் ஒருவர் விலகித் தள்ளுபடி குறைந்தால் மிச்சத் தொகை யார் தலையில்? இவற்றைப் பணம் அனுப்பும் முன்பே எழுதி வாங்குங்கள்.