உயிரியல் நமக்கு எதற்கு?



பத்தாவது முடித்ததும் நாம் பாலிடெக்னிக்குக்கு வந்ததற்கு ஆளுக்கொரு காரணம் உண்டு. சீக்கிரம் வேலை, வீட்டுக் கஷ்டம், அண்ணன் படித்த படிப்பு என்று எதையாவது சொல்வோம். எனக்கு இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உயிரியலில் இருந்து தப்பிக்க வந்தவன் நான். இதயத்தின் படம் வரைந்து பாகம் குறி என்றால் எனக்குக் கத்தரிக்காய்தான் வரும். முதலாண்டுப் பாடப்பட்டியலில் கணிதம், இயற்பியல், வேதியியல் என்று மட்டும் பார்த்ததும், 'அப்பாடா, விட்டது சனி' என்று சந்தோஷப்பட்டேன்.

சனி விடவில்லை.

எங்கள் ஊர் பொட்டிபுரம். என் தாய்மாமா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவர் ஸ்பிரேயரை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். "மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறேல்ல? மருந்து சொட்டுச் சொட்டா விழுகுது, பொகை மாதிரி வரமாட்டேங்குது. என்னான்னு பாரு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாஷரை மாற்றி, பிரஷரைக் கூட்டி, துளை சின்னதாக உள்ள நாசிலைப் பொருத்திக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் நிஜமாகவே புகை மாதிரி வந்தது. மாமா முதுகில் தட்டினார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதாய்யா" என்றார் அம்மா.

நாலாம் நாள் சாயங்காலம் மாமாவை ஜீப்பிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சட்டை நனைய வியர்வை, வாயில் எச்சில் வடிகிறது, வாந்தி. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி திருநீறு போட்டுவிட்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்ன மருந்து அடிச்சாரு? டப்பாவைக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இரண்டு ராத்திரி கழித்து மாமா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

என்ன நடந்தது என்று பிறகு டாக்டர் விளக்கினார். நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொல்வதானால், ரிலே ஒட்டிக்கொண்டு விட்டது. ஸ்விட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. பூச்சி சாவதும் இதே வழியில்தான். அதன் நரம்பும் மாமாவின் நரம்பும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி!

துளி எவ்வளவு பொடியோ அவ்வளவு நேரம் காற்றில் மிதக்கும். இலையில் படியாமல் அடிப்பவரின் மூச்சிலும் தோலிலும் போய்ச் சேரும். முகமூடி இல்லை, கையுறை இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாசிலைப் பொருத்தியவன் நான். எந்திரம் எனக்குத் தெரிந்தது, அதைப் பிடித்திருக்கும் உடம்பு தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உயிரியல் புத்தகத்தைத் தூசி தட்டினேன். உயிரியல் என்றால் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டே பிரிவு என்றுதான் இருந்தேன். அது பல அறைகள் உள்ள பெரிய வீடு. டாக்டர் பேசியது உடலியங்கியல், அதாவது பிசியாலஜி. உறுப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது உடற்கூறியல். எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது உடலியங்கியல். நம் பாஷையில் சொன்னால் ஒன்று டிராயிங், மற்றது ஒர்க்கிங். மற்ற அறைகளைச் சுற்றிப்பார்க்க நமக்கு ஏலச்செடி ஒன்றே போதும்.

ஏலச்செடி இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்படி உறவுமுறை பார்ப்பது வகைப்பாட்டியல். நாம் தண்டு என்று நினைப்பது உண்மையில் தண்டே அல்ல, இலை உறைகள் சுருண்டு நிற்பது. உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. பூ அடியிலிருந்து கிளம்பும் சரத்தில் பூக்கிறது. வெள்ளை இதழில் ஊதா வரி இருக்கும். அது தேனீக்குப் போட்ட ரோடு மார்க்கிங். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் ஒழுங்காகக் காய் பிடிக்கும். இலைப்பேன் அரித்த காயில் சொறி விழும், போடி ஏலத்தில் விலை இறங்கும். அதற்காக மருந்து அடிக்கிறோம். பூ விரிந்து தேனீ மொய்க்கிற காலை வேளையில் அடித்தால் இலைப்பேனோடு தேனீயும் சாகும். காயைக் காப்பாற்றப் போய்க் காயே இல்லாமல் போகும். மதியத்துக்கு மேல் அடிக்க வேண்டும் என்று சொல்வது பூச்சியியல். ஒரு வரி விஷயம்தான்; தெரிந்தால்தானே?

நுண்ணுயிரியலுக்கு என் அம்மாவே வாத்தியார். அம்மா காய் எடுக்கப் போவார். இலையில் நரம்போடு வெளிர்பச்சைக் கோடு கோடாக வந்தால் அது தேமல் நோய், கட்டே என்றும் சொல்வார்கள். "அதுக்கும் ஒரு மருந்து அடிக்கலாமேம்மா" என்று கேட்டேன். "மருந்துக்குக் கேக்காதுய்யா, தூரோட பிடுங்கிறணும்" என்றார். காரணம் அம்மாவுக்குத் தெரியாது. அது வைரஸ். வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்கு அதைக் கொண்டு போகிறது. நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. மழைக்காலத்துக் காய் அழுகல் வேறு கதை, அது பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வருவது, அதற்கு மருந்து உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசும் போகும், செடியும் போகும்.

மரபியலுக்கு எடுத்துக்காட்டு ஞள்ளானி ரகம். இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த தூர்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது அது. விதை போட்டால் பிள்ளை தாயைப் போல இருக்கும் என்பது நிச்சயமில்லை. தூரைப் பிரித்து நட்டால் அச்சு அசல் அதே செடி. ஆனால் மலை முழுக்க ஒரே செடியாக நின்றால், ஒரு செடியை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்துமே என்ற பயமும் மரபியலில்தான் இருக்கிறது.

உயிர்வேதியியல் நம் துறைக்கு ரொம்பப் பக்கம். 100 கிலோ பச்சைக்காயில் சுமார் 80 கிலோ தண்ணீர். ஸ்டோரில் பத்து சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் நிற்பது 22 கிலோ, கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடு மிஞ்சினால் பச்சை நிறமும் வாசனை எண்ணெயும் சேர்ந்து போகும். அடுப்பு கட்டுவது நம் வேலை, எத்தனை டிகிரி என்று சொல்வது காய்!

நிற்க. எங்கள் ஊர்ப் பெயரை நாடறியச் செய்தது நியூட்ரினோ. அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. "நியூட்ரினோ பட்டா புள்ள பொறக்காதாம்ல" என்று டீக்கடையில் பேசினார்கள். இதைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்கள் உடம்பு வழியாகப் பல லட்சம் கோடி நியூட்ரினோ போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது. இதை இயற்பியல் படித்த நாமே சொல்லியிருக்கலாம். ஆனால் திட்டம் முட்டிக்கொண்டது இயற்பியலில் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் 5 கிலோமீட்டருக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறுபடி அனுமதி வந்தபின், வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் வேண்டும் என்று 2018 நவம்பரில் சொன்னது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. எல்லாம் சூழலியல். இயற்பியல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதியதே கோவை சலீம் அலி பறவையியல் மையம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்டம் வேண்டும், வேண்டாம் என்று கட்சி கட்ட நான் வரவில்லை. ஆனால் "ஆடு மாடு மேய மலைக்கு விடுவாங்களா? ஊத்துத் தண்ணி நின்னுருமா?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டது சரியான சூழலியல் கேள்வி. அவர்களோடு நின்று பதில் தேடித் தரப் படித்த பையன்கள் எங்களில் ஒருவர்கூட இல்லை. இதுதான் என் ஆதங்கம்.

பேரவை நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. வருடா வருடம் டூர் என்று ஊட்டி, கொடைக்கானல் போகிறோம். ஒரு வருடம் இடுக்கி மாவட்டத்து மைலாடும்பாறைக்கு (நம் தேனி மாவட்டத்து மயிலாடும்பாறை அல்ல) போவோமே. 1978-ல் தொடங்கிய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது, மலை ஏறினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். எல்லாத் துறைக்கும் உயிரியல் அடிப்படைகள் என்று விருப்பப் பாடம் ஒன்று வேண்டும் என்று மனுவும் எழுதுவோம். முதல் கையெழுத்து என்னுடையது.

மாமா மறுபடியும் மருந்து அடிக்கத்தான் போகிறார், வேறு வழியில்லை. பழைய நாசிலைத் திரும்பப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்துத்தான் இப்போது மூடியைத் திறக்கிறாராம். சிவப்புதான் கொடிய விஷம், பிறகு மஞ்சள் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள், "ஒங்க மாப்ளைய ஒரு நா மேல கூட்டிட்டு வாங்க, எங்களுக்கும் சொல்லட்டும்" என்கிறார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஜீப்பில் போகிறேன்.