முதல் பால் கொதிக்கக் கூடாது

தம்பானூரில் இறங்குகிற யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒரு பக்கம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், எதிரே அரசுப் பேருந்து நிலையம். நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள், கொல்லத்துக்கு டிக்கெட் வாங்கி நிற்பவர்கள். இந்த ஓட்டத்துக்கு நடுவே காலைப் பலகாரமாக ஆப்பத்தோடு இலைக்கு வருவது, அவசரமாகச் செய்யவே முடியாத ஒரு பதார்த்தம்: இஷ்டு.

பெயரைக் கேட்டு 'இஷ்டம்' என்ற சொல்லோடு உறவு தேட வேண்டாம். ஆங்கில ஸ்டூதான் மலையாள வாய்க்குள் போய் இஷ்டுவாகத் திரும்பியிருக்கிறது. பெயரை இரவல் வாங்கிய கேரளம், பாத்திரத்தில் இருப்பதை முழுக்கத் தன்னுடையதாக்கிக் கொண்டது. மிளகாய்த் தூள் கிடையாது, மஞ்சள் கிடையாது. கிராம்பு, பட்டை, ஏலம், மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய்ப் பால். சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலை ஆப்பமும் ஆட்டிறைச்சி இஷ்டுவும் இல்லாமல் விடிவதில்லை.

இறைச்சியையும் காய்கறியையும் ஒரே பானையில் நிதானமாக வேகவிடும் வித்தை எந்த ஊருக்கும் தனிச்சொத்து அல்ல. காகசஸ் மலைப்பகுதியில் வாழும் ஒசேத்தியர்கள் 'லிவ்ஜா' என்று ஒன்று சமைக்கிறார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, மணமூட்டும் தழைகள், சின்னத் தீ. அங்கே தேங்காய் இல்லை, இங்கே பனி இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். நடந்து திரிந்த கால்நடையின் தொடை, தோள்பட்டைத் தசை கடினமானது. அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும். அதற்கு மணிக்கணக்கில் பொறுக்க வேண்டும். நெருப்பைக் கூட்டினால் தசை சுருங்கி, சாறு வெளியேறி, கறி சக்கையாகிவிடும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எலும்போடு கூடிய ஆட்டிறைச்சி அரை கிலோ. ஒரு பெரிய தேங்காயைத் துருவி, முதல் பால் ஒரு கோப்பை எடுத்துத் தனியே வையுங்கள். அதே துருவலில் வெந்நீர் விட்டு இரண்டாம், மூன்றாம் பால் சேர்ந்து மூன்று கோப்பை எடுக்கலாம். தேங்காய் எண்ணெயில் முழு மசாலாவைப் பொரித்து, நீளமாக நறுக்கிய வெங்காயம் இரண்டு, இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் ஐந்தாறு போட்டு வதக்குங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது. சிவந்தால் இஷ்டுவின் வெள்ளை நிறம் போய்விடும். இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, உப்பும் நீர்த்த பாலும் சேர்த்து, மூடி, சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். கறி முக்கால் பதம் வெந்த பிறகே உருளைக்கிழங்கும் கேரட்டும். கிழங்கில் இரண்டு துண்டை மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும்.

கடைசியில் முதல் பால். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேங்காய்ப் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள்; அவற்றைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது புரதம். தளதளவென்று கொதித்தால் புரதம் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். எனவே ஓரத்தில் ஆவி கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலே கறிவேப்பிலையும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும்.

இந்த விதி திருநெல்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் சொதியிலும் இதே மூன்று பால், இதே கடைசி நிமிடக் கவனம். இறைச்சிக்குப் பதில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும். யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்தோடு சேர்வதும் ஒரு சொதிதான். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரின் தொடர்பிலிருந்து விலகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு நிலத்தில் விழுந்தது, அடுப்பில் விழவில்லை.

வெளியூர்க் காய் உள்ளூர்க்காரனாவதும் தம்பானூருக்குப் புதிதல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் செங்கல்லில் சுழற்படியாக எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸில் மசால் தோசைக்குள்ளேயே பீட்ரூட் இருக்கும். இஷ்டுவின் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. இன்று கேரட் நீலகிரியிலிருந்தும், தேங்காயில் ஒரு பங்கு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் லாரியில் வருகின்றன.

இப்போது சிக்கல் தேங்காயில்தான். 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. பொள்ளாச்சித் தோப்புகளை வெள்ளை ஈயும் வாடல் நோயும் ஆட்டி வைக்கின்றன. விலை ஏறும்போது சிறிய கடைக்காரர் முன்னால் சுலபமான வழிகள் நிற்கின்றன: முதல் பாலை விட்டுவிட்டு மைதா கரைத்து ஊற்றுவது, எலும்புக் கறிக்குப் பதில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும் பிராய்லர் கோழி. வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும். பெயர்ப் பலகையிலும் இஷ்டு என்றே இருக்கும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது ரூபாய் சேர்த்துக் கேட்டால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். ஆனால் இஷ்டுவை இஷ்டுவாக்குவது பெயரல்ல; ஒன்றரை மணி நேரச் சின்னத் தீயும் ஒரு கோப்பை முதல் பாலும். இவை இரண்டுக்கும் காசு கொடுக்கிறவர்கள் இருக்கும்வரைதான் அது கடைகளில் கிடைக்கும். பிறகு வீட்டு அடுப்பில் மட்டும்.