தண்டம் அவருக்கு, கடன் வீட்டுக்கு

கசிப்புப் போத்தலோடு பிடிபட்டவர், குடித்துவிட்டு வீதியில் கலாட்டா செய்தவர், சட்டைப் பையில் சிறு பக்கெற் தூள் வைத்திருந்தவர் என்று நமது தோட்டங்களிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் குறைந்தபாடில்லை. அங்கே நடப்பதும் நமக்குப் பழகிப்போன காரியம்தான். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார், நீதவான் தண்டம் விதிப்பார். அன்று பின்னேரமே வீட்டிலிருக்கும் தோடு அடகுக்குப் போகும். தோடு இல்லாத வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மறியல்.

தண்டம் அவர் பெயரில் விழுகிறது. அதைக் கட்டுவது மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் மனைவியும் தாயும்தான். அவர் மறியலுக்குப் போனால் அந்தக் கிழமை மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் வராது. தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடும். வகுப்பறையில் இதை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம். இத்தனைக்கும் பிறகு அவர் குடியை விட்டாரா? இல்லை. அடுத்த சம்பள நாளன்று பழைய இடத்துக்கே போகிறார். அடிமையாகிப்போன உடம்புக்கும் மனதுக்கும் தண்டப்பணத்தால் வைத்தியம் செய்ய முடியாது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் நமது நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். கட்டாயச் சிறைத்தண்டனை இல்லாத குற்றங்களில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊரிலேயே வைத்துத் திருத்த நீதவானுக்கு இது அதிகாரம் தருகிறது. சம்பளமில்லாத பொதுவேலை செய், ஆலோசனைக்குப் போ, மது அல்லது போதைக்குச் சிகிச்சை எடு என்று அவர் கட்டளையிடலாம். அதிகாரி ஒருவர் கண்காணிப்பார். கட்டளையை மீறினால் மறுபடி நீதிமன்றம்.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்கானது. ஒருவர் தானாக விரும்பியும் சிகிச்சைக்குப் போகலாம். அரசாங்க வைத்தியர் பரிசோதித்த பின் நீதவான் கட்டளையிட்டும் அனுப்பலாம். ஆனால் இது அபாயகர ஔடதங்களுக்கு மட்டுமே. நமது லயங்களை அதிகம் அழிக்கும் சாராயமும் கசிப்பும் இதற்குள் வரமாட்டா. ஆகவே குடிகாரருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதவு. அந்தக் கதவைத் தட்ட நமது ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்றே தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மயாமியில் 1989இல் முதலாவது தொடங்கியது. 1999இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும், 2012இல் நியூசிலாந்திலும் வந்தன. அங்கே ஒரே நீதிபதி ஒரே ஆளைக் குறித்த நாட்களில் திரும்பத் திரும்ப அழைத்துப் பேசுகிறார். சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. சிகிச்சை தருபவரும் நன்னடத்தை அதிகாரியும் நீதிபதியோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கில் தன்னைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே பலரைத் தாங்கிப் பிடிக்கிறது. நமது நீதவான் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

"பெண்டாட்டியை அடித்தவனுக்கு வைத்தியமா?" என்று நமது சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிகிச்சை என்ற பெயரில் அடித்தவரைத் தப்பவிட நாம் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெண் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தவர் கட்டாயம் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாப்பு முதலில், சிகிச்சை அதோடு சேர்ந்து.

புனர்வாழ்வு என்று பெயர் வைத்த எல்லாமே சிகிச்சை ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் தப்பியோடியதை நாடே பார்த்தது. நாம் கேட்பது இராணுவக் காவலுள்ள முகாமை அல்ல. வைத்தியரும் ஆலோசகரும் உள்ள இடத்தை.

அப்படியான இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்கியிருக்கும் நிலையங்களில் நமக்குக் கிட்ட உள்ளது கண்டிதான். மஸ்கெலியாவிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ ஒருவர் அங்கே போனால் பேர் போகும், பஸ் காசு போகும். போன இடத்தில் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டால் போனதே வீண். மனதிலுள்ளதை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லிக் குணமடைய முடியுமா? 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நாம் சலுகை கேட்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

மலையக நீதவான் நீதிமன்றங்கள் தண்டம் விதிக்க முன், இவருக்குச் சிகிச்சை தேவையா என்று சமுதாயஞ்சார் சீர்திருத்த அதிகாரியிடம் அறிக்கை பெற வேண்டும். அந்த அதிகாரி தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும்.

நுவரெலியா, பதுளை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மது, போதைக்கான சிகிச்சை நாட்கள் தமிழில் நடக்க வேண்டும்.

நீதிமன்றக் கட்டளைப்படி சிகிச்சைக்குப் போகும் நாளுக்காகக் கம்பனி பேரை வெட்டக் கூடாது. இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே வைக்க வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் பிடிபட்டால் அன்றே தோட்டத் தலைவருக்குச் சொல்லுங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. "இவருக்குச் சிகிச்சைக் கட்டளை தாருங்கள்" என்று நீதவானிடம் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். தண்டம்தான் என்றால் தவணை முறையில் கட்ட அனுமதி கேளுங்கள். வாய் திறந்து கேட்டால் தோட்டை அடகு வைக்க முன் இன்னொரு வழி கிடைக்கலாம்.

சம்பளத்துக்காகப் போராடும் சங்கம், அந்தச் சம்பளம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுப்போம்.