யார் சொன்னா ஜோக், யார் சொன்னா அவமானம்? மாற்றுத்திறனாளி தன்பாலின ஈர்ப்பாளர்களின் நட்பும் சிரிப்பும்

பார்வை இல்லாத ஒருவர் செல்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்? ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று ஒரு வசதி இருக்கிறது. திரையில் விரல் எங்கே படுகிறதோ, அங்கே என்ன இருக்கிறது என்பதை போன் குரலில் வாசித்துக் காட்டும். வந்த மெசேஜ், அனுப்பியவர் பெயர், கூடவே ஒட்டியிருக்கும் எமோஜி வரைக்கும் சொல்லும்.

இப்போ ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. பார்வை இல்லாத ஒரு இளைஞர். தன்பாலின ஈர்ப்பாளர். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஹாலில் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இயர்போன் கழன்று கிடப்பதை இவர் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து காதலனிடமிருந்து ஒரு மெசேஜ், பின்னாலேயே மூன்று இதய எமோஜி. போன் தன் கடமையைத் தவறாமல் செய்கிறது.

அந்த நொடியில் அது பயம். மறுநாள், தன்னைப் போலவே இருக்கும் ஒரு நண்பரிடம் சொல்லும்போது அதுவே ஜோக். பார்வை உள்ள நண்பரிடம் சொன்னால், முதலில் டாக்பேக் என்றால் என்ன என்று பாடம் எடுக்கணும். பார்வையற்றோர் சங்கத்து நண்பரிடம் சொன்னால், 'காதலன்' என்ற சொல்லிலேயே கதை நின்றுபோகலாம். இந்த இரண்டு விளக்கமும் தேவைப்படாத ஒரு ஆள் கிடைப்பதுதான் மாற்றுத்திறனாளி தன்பாலின ஈர்ப்பாளர்கள் மத்தியில் நட்பின் ஆரம்பம். பெரும்பாலும் அந்த ஆள் கிடைப்பது செல்போன் வழியாகத்தான்.

மாற்றுத்திறனாளிகளை வைத்துச் செய்யும் நகைச்சுவைக்கு எல்லை எது என்பது பற்றி 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று யோசிக்கிறவர்கள், இந்தச் சின்னக் கூட்டம் எப்படிச் சிரிக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது.

இரண்டு வாசல், இரண்டிலும் படிக்கட்டு

மேலை நாட்டு நகரங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் பார்கள் பல காலமாக மாடியிலோ, தரைக்குக் கீழேயோ இயங்கின. யார் கண்ணிலும் படக்கூடாது என்பது ஒரு காரணம். வீல்சேரில் வருகிறவருக்கு அந்தப் படிக்கட்டோடு கதை முடிந்தது. பிறகு டேட்டிங் ஆப்கள் வந்தன. படிக்கட்டு போனது, போட்டோ வந்தது. உடற்கட்டைப் பார்த்து ஒரு நொடியில் முடிவு எடுக்கும் இடத்தில் வீல்சேரோடு போட்டோ போடுவதா, இல்லாமல் போடுவதா என்பதே ஒரு பெரிய கேள்வி.

மறுபக்கம் குடும்பமும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளும். அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனா முப்பது வயதானாலும் 'குழந்தை' என்றே பார்ப்பார்கள். ஆசை, காதல் என்ற பேச்சே வராது. குளிக்க, உடை மாற்ற, சில நேரம் போனை எடுத்துக் கொடுக்கக்கூட இன்னொருவர் கை தேவைப்படுகிறவருக்கு ரகசியம் என்பது ஆடம்பரம்.

இந்தியாவில் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. தீர்ப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இரண்டுக்கும் சொந்தமான ஒருவர் நடுவில் நிற்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அந்தப் படிவத்திலேயே கிடையாது.

ஒன்றைச் சொன்னார், இன்னொன்றை மறைத்தார்

அமெரிக்க எழுத்தாளர் ரயன் ஓ'கானல் செரிபிரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். பதின்வயதிலேயே தன்னை 'கே' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கார் அவர் மீது மோதியது. நியூயார்க்கில் புதிதாகப் பழகியவர்கள், அவர் தாங்கித் தாங்கி நடப்பதற்கு அந்த விபத்துதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில்.

கே என்று சொல்வதை விட, பிறவியிலேயே மாற்றுத்திறனாளி என்று சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. விபத்து என்றால் அனுதாபம். பிறவி என்றால் பார்வையே மாறிவிடும்.

2015-ல் இதைப் புத்தகமாக எழுதினார். அதை வைத்து 2019 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்பெஷல்' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. முதல் சீசனில் மொத்தம் 8 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட கால் மணி நேரம்தான். எழுதியதும் அவரே, நடித்ததும் அவரே. கதையில் ரயனுக்கு அலுவலகத்தில் கிடைக்கும் தோழி கிம், இந்திய வம்சாவளிப் பெண். நடித்தவர் புனம் படேல். உடல் பருமனுக்காக எல்லோரும் பார்க்கும் பார்வையை வாழ்நாள் முழுக்கச் சந்தித்தவர். ஆளுக்கொரு பொய்யோடு சுற்றும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் கிண்டல்தான் தொடரின் உயிர். காதல் காட்சிகளைவிட அதுதான் மனதில் நிற்கிறது.

இதற்கெல்லாம் இருபது வருஷம் முன்பே, 1999-ல், பாப் கியூட்டர் என்பவர் இணையத்தில் ஒரு இதழ் தொடங்கினார். மாற்றுத்திறனாளியாகவும் கேயாகவும் இருக்கும் ஆண்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதும் இடம். இதழின் பெயர் 'பென்ட்'. வளைந்தது, கோணலானது என்று அர்த்தம். எதிர்பாலின ஈர்ப்பு உள்ளவர்களை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயிட்', அதாவது நேர் என்பார்கள். உடம்பும் நேராக இல்லை, ஈர்ப்பும் 'நேர்' இல்லை என்று பெயரிலேயே இரண்டு பக்கமும் கிண்டல். வெளியிலிருந்து ஒருவர் வைத்திருந்தால் அது வசை. அவர்களே வைத்துக்கொண்டதால் வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. அங்கே வந்த கட்டுரைகளை அடிப்படையாக வைத்து, கியூட்டரும் ஜான் கில்லாக்கியும் தொகுத்த 'குயர் கிரிப்ஸ்' என்ற புத்தகமும் பின்னர் வந்தது.

அந்தப் புத்தகத் தலைப்பில் இருக்கும் இரண்டு சொல்லுமே ஒரு காலத்தில் கல் மாதிரி எறியப்பட்டவை. 'குயர்' என்றால் விசித்திரமானவன் என்ற கேலி. 'கிரிப்', கை கால் ஊனமானவரைக் குறிக்கும் வசைச் சொல்லின் சுருக்கம். எறியப்பட்ட கல்லைப் பொறுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

தமிழில் நாம் வேறு வழியில் போனோம். 'மாற்றுத்திறனாளி', 'பால்புதுமையினர்' என்று காயம் படாத புதுச் சொற்களை உருவாக்கிக்கொண்டோம். மரியாதையான சொற்கள், தேவையான சொற்களும்கூட. ஆனா நண்பர்கள் நடுவே அதை வைத்து ஒரு ஜோக் அடிக்கச் சொன்னால் கொஞ்சம் சிரமம்தான். அரசாணை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

வாக்கி-டாக்கி கொடுத்தனுப்பிய நண்பர்கள்

இந்த நட்பு சிரிப்போடு நின்றுவிடுவதில்லை. 1977-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு போராட்டம் இதற்குச் சாட்சி.

அரசுப் பணம் பெறும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1973-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அதன் 504-வது பிரிவு அது. ஆனால் அதற்கான விதிமுறைகளில் நான்கு வருஷமாகக் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரல் 5-ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள அரசு அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம் வெளியே வரவில்லை. வழிநடத்தியவர்களில் ஜூடி ஹியூமனை உலகத்துக்குத் தெரியும். அவரோடு முக்கியப் பங்கு வகித்த கிட்டி கோன், தசைச் சிதைவு நோயால் வீல்சேரில் இருந்தவர். தன்பாலின ஈர்ப்பு கொண்ட பெண்.

உள்ளே தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டது. காது கேளாத போராட்டக்காரர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். அந்தப் பக்கம், தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான தாக்குதலைத் தடுக்கத் தெருவில் ரோந்து போய்க்கொண்டிருந்த 'பட்டர்ஃபிளை பிரிகேட்' என்ற ஆண்கள் குழு, வாக்கி-டாக்கிகளை ரகசியமாக உள்ளே கொண்டு சேர்த்தது. கறுப்பினத்தவரின் 'பிளாக் பாந்தர்' கட்சி சாப்பாடு கொண்டுவந்தது. ஏப்ரல் 28-ம் தேதி விதிமுறைகளில் கையெழுத்து விழுந்தது.

ஃபோன் வயரை வெட்டினால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தவர்கள், பேசுவதற்கு ஃபோனே தேவைப்படாத ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் விஷயங்களில் பாதி இந்த மாதிரிதான். சிரிப்புக்கு ஆளாவது குறைபாடு இல்லை, அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஊர் உலகம்.

எல்லாச் சிரிப்பும் நல்லதா?

இல்லை. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி தன்பாலின ஈர்ப்பு பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர். ஆட்டிசம் இருப்பது பெரியவரான பிறகுதான் தெரியவந்தது. 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நானெட்' நிகழ்ச்சியில், தன்னையே மட்டம்தட்டிச் சிரிக்கவைக்கும் வேலையை நிறுத்துவதாக மேடையிலேயே அறிவித்தார். ஏற்கெனவே ஓரமாகத் தள்ளப்பட்ட ஒருவர் அப்படிச் செய்வது அடக்கம் அல்ல, அவமானம் என்பது அவர் வாதம்.

அப்படியென்றால் 'பென்ட்' இதழின் கிண்டலும் தப்பா? இங்கேதான் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயத்தில், அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நாமே முந்திக்கொண்டு நம்மைக் கேலி செய்வது ஒன்று. பள்ளிக்கூடத்தில் கிண்டலுக்கு ஆளான யாருக்கும் இந்த வித்தை தெரியும். அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இல்லாத நண்பனிடம் அடிக்கும் ஜோக் இன்னொன்று. வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம். முதலாவதில் சொன்னவர் வீட்டுக்குப் போய் அழுவார்.

காட்ஸ்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனா அதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கினால், விளக்கம் கேட்காமல் சிரிக்கும் நண்பனையும் இழக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு என்ற பெயரில்

2019 டிசம்பரில் ஜெர்மனியின் 'நெட்ஸ்பொலிடிக்' தளம் ஒரு செய்தி வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் போடும் வீடியோக்கள் அதிகம் பேருக்குப் போய்ச் சேராதபடி டிக்டாக் நிறுவனம் கட்டுப்படுத்தியிருந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்கள், உடல் பருமனானவர்கள் கணக்குகளும் அந்தக் கட்டுப்பாட்டில் சிக்கியிருந்தன. இவர்கள் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதற்காக ஆரம்ப காலத்தில் எடுத்த தற்காலிக நடவடிக்கை, அது தவறுதான் என்று நிறுவனம் பதில் சொன்னது.

கேலி செய்கிறவனை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளாகக்கூடியவரை மறைத்து வைத்தார்கள். விருந்தாளி வரும்போது பிள்ளையை உள் அறைக்கு அனுப்பும் வீடுகள் நமக்குத் தெரியாததா? அங்கேயும் சொல்லும் காரணம் இதேதான்.

இந்திய நீதிமன்றம் என்ன சொல்கிறது?

'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துவதாக நிபுண் மல்ஹோத்ரா வழக்குத் தொடர்ந்தார். அவரும் ஒரு மாற்றுத்திறனாளி. 2024 ஜூலை 8-ம் தேதி அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு தீர்ப்பளித்தது. படத்தில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. ஆனால் நகைச்சுவையை இரண்டாகப் பிரித்தது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை ஒன்று. அவர்களை மட்டம்தட்டும் நகைச்சுவை மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல, சூழலையும் நோக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றது. இழிவான சொற்களைத் தவிர்ப்பது, படைப்புகளில் மாற்றுத்திறனாளிகளையே ஈடுபடுத்துவது போன்ற வழிகாட்டுதல்களையும் தந்தது.

அடுத்த வருஷம் நிலவரம் வேறு. முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயாளிகளுக்கான அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில், சமய் ரெய்னா உள்ளிட்ட நகைச்சுவைக் கலைஞர்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சமூக ஊடகப் பேச்சுக்கு வழிகாட்டுதல்களை உருவாக்கும்படி மத்திய அரசையும் கேட்டுக்கொண்டது. கோடிக்கணக்கில் செலவாகும் சிகிச்சைக்காக அலையும் பெற்றோரின் வலியை மேடையில் சிரிப்பாக்குவதற்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது; இந்த வழக்கில் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வழிகாட்டுதல் என்று வந்துவிட்டால், அதை இணைய நிறுவனங்கள் செயல்படுத்துவது பெரும்பாலும் தடை செய்த சொற்களின் பட்டியலை வைத்து. ஒரு சொல்லைச் சொன்னது வெளியாளா, அந்தச் சொல்லால் அடிபட்டு அதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டவரா என்று பட்டியலுக்குத் தெரியாது. இரண்டு பேருடைய பதிவும் ஒன்றாகவே போகும். நண்பர்கள் குரூப்பில் தன் வீல்சேருக்குப் பட்டப்பெயர் வைத்து மீம் போட்டவரின் கணக்கும், அவரை வம்புக்கு இழுத்தவரின் கணக்கும் ஒரே நாளில் முடங்கலாம்.

தங்களைப் பற்றிய முடிவை தங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் பழைய கோரிக்கை. 2024 தீர்ப்பும் அதை நினைவூட்டியது. மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எழுதும் மேசையில் மருத்துவர்கள் இருக்கலாம், பெற்றோர் இருக்கலாம், ஊடக நிறுவனங்கள் இருக்கலாம். இரண்டு வாசலிலும் படிக்கட்டைப் பார்த்த ஒருவராவது இருப்பாரா என்பதுதான் அடுத்து கவனிக்க வேண்டிய விஷயம்.